எண் 8202: ஆஸ்திரேலிய மாணவர் விசாவும் சேர்க்கை நிபந்தனையும்

ஆஸ்திரேலியா மாணவர் விசா வழங்கி அனுப்பும் கடிதத்தின் அடிப்பகுதியில் நான்கு இலக்க எண்கள் சில வரிசையாக நிற்கும். 8105 வேலை நேரத்தைப் பற்றியது. 8501 மருத்துவக் காப்பீட்டைப் பற்றியது. 8533 முகவரியைத் தெரிவிப்பது பற்றியது. இவற்றுக்கு நடுவே 8202 என்று ஒன்று உண்டு. விசா வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் விமானச் சீட்டு தேடிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் படிக்காமல் கடந்துபோகிற எண் அது. மாணவராக வந்தவர் மாணவராகவே நீடிக்கிறாரா என்பதை அரசு தீர்மானிப்பது அந்த எண்ணை வைத்துத்தான்.

அந்த நிபந்தனை மூன்று விஷயங்களைக் கேட்கிறது. முதலாவது, பதிவு பெற்ற முழுநேரப் படிப்பு ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும். பதிவு என்றால் கிரைகோஸ் எனப்படும் அரசுப் பட்டியலில் இடம்பெற்ற படிப்பு, இடம்பெற்ற நிறுவனம். இரண்டாவது, எந்தத் தகுதிநிலைப் படிப்புக்காக விசா தரப்பட்டதோ அதே நிலையில் அல்லது அதற்கு மேலான நிலையில் சேர்க்கை தொடர வேண்டும். முதுகலைக்காக விசா வாங்கியவர் டிப்ளமோவுக்கு இறங்கிவிட்டால், ஒருநாள் தவறாமல் வகுப்புக்குப் போனாலும் அவர் நிபந்தனையை மீறியவர்தான். முனைவர் பட்டத்திலிருந்து முதுகலைக்கு இறங்குபவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மூன்றாவது, படிப்பில் போதிய முன்னேற்றம் இல்லை என்றோ வருகை போதவில்லை என்றோ கல்வி நிறுவனம் சான்றளிக்கும் நிலை வரக் கூடாது.

மூன்றிலும் மாணவரின் நடத்தை பேசப்படுகிறது. ஆனால் மூன்றையும் எழுதிவைக்கும் கை மாணவருடையதல்ல, அரசுடையதும் அல்ல. அது கல்வி நிறுவனத்தின் கை. நிறுவனம் ஒரு வெளிநாட்டு மாணவரைச் சேர்த்துக்கொள்ளும்போது, ப்ரிஸம்ஸ் என்ற அரசுக் கணினி அமைப்புக்குள் போய் ‘சிஓஇ’ எனப்படும் சேர்க்கை உறுதிச் சான்றை உருவாக்குகிறது. படிப்பின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சான்றைக் காட்டித்தான் விசா கேட்க முடியும். விசா கிடைத்த பிறகும் அது உயிரோடு இருக்க வேண்டும். மாணவர் படிப்பை விட்டாலோ, நிறுவனம் அவரை நீக்கினாலோ, கட்டணம் கட்டாததால் சேர்க்கையை முறித்தாலோ, அதே அமைப்பில் சான்றின் நிலையை நிறுவனம் மாற்றிப் பதிய வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கான கல்விச் சேவைச் சட்டம் அதைக் கடமையாக்கியிருக்கிறது. அந்தப் பதிவு குடிவரவுத் துறைக்குத் தெரிந்துவிடும்.

மாணவரால் ப்ரிஸம்ஸுக்குள் நுழைந்து பார்க்க முடியாது. தன் விசா நிலையை அறிய அவருக்கு இருக்கும் இணைய வசதியான ‘விவோ’ விசா எந்நாள் வரை செல்லும், என்னென்ன நிபந்தனைகள் என்பதைக் காட்டும். சேர்க்கைச் சான்று இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதைக் காட்டாது. ஆகவே விவோவில் விசா செல்லும் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாக நினைப்பவர், பல மாதங்களாக நிபந்தனை மீறிய நிலையில் இருக்க வாய்ப்புண்டு.

இதில் சங்கடமான ஒரு பக்கமும் உண்டு. அரசுக்குத் தகவல் சொல்கிற அந்த நிறுவனம்தான் மாணவரிடம் கட்டணம் வாங்குகிற நிறுவனமும். பல்கலைக்கழகங்களில் அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 30,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டுவது சாதாரணம். உள்ளூர் மாணவர் தவணை கட்டத் தவறினால் அவருக்கும் கல்லூரிக்கும் இடையே ஒரு கடன் தகராறு; அவ்வளவுதான். வெளிநாட்டு மாணவரிடம் அதே தவறு நாட்டில் தங்கும் உரிமையைத் தொட்டுவிடுகிறது. பாக்கி வசூலிக்கிறவரிடமே தங்கும் உரிமையின் பதிவேட்டையும் கொடுத்து வைத்திருக்கிறது சட்டம். எல்லா நிறுவனமும் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்று சொல்லவில்லை. அந்த இரண்டு வேலையும் ஒரே மேசையில் நடக்கின்றன என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

மாணவர்களிடையே ஒரு கணக்கு புழங்குகிறது: சேர்க்கை ரத்தானால் 28 நாளுக்குள் வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டால் போதும், ஒன்றும் ஆகாது. அறைத் தோழர்கள் சொல்வார்கள், ஏஜென்ட்கள் சொல்வார்கள். பல்கலைக்கழகங்கள் அனுப்பும் கடிதங்களிலேயே இந்த 28 நாள் தென்படுவதுண்டு. ஆனால் 8202 நிபந்தனையின் வாசகத்தில் அப்படிச் சலுகைக் காலம் எதுவும் இல்லை. சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது. சேர்க்கை இல்லாத நாள் மீறல் நாள். பின்பு எங்கிருந்து வந்தது இந்த 28? ஆஸ்திரேலியா ஒருகாலத்தில் வைத்திருந்து, பிறகு நீக்கிவிட்ட ஒரு முறையின் மிச்சமாகத்தான் அதை என்னால் பார்க்க முடிகிறது. அந்த முறையின் கதை சற்று விரிவாகவே சொல்லத் தக்கது.

2000ஆம் ஆண்டில் வெளிநாட்டு மாணவர்கள் தொடர்பாக ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் சட்டங்களைத் திருத்தி எழுதியது. அவை 2001 நடுப்பகுதியில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, மாணவர் வருகையிலோ முன்னேற்றத்திலோ தவறினால் கல்வி நிறுவனமே அவருக்கு ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். 1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் புதிதாக நுழைக்கப்பட்ட 137ஜே பிரிவு அந்த அறிவிப்புக்குப் பல் வைத்தது. மாணவர் 28 நாளுக்குள் குடிவரவு அதிகாரியிடம் நேரில் வந்து தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும். வராவிட்டால் 28ஆம் நாள் முடியும்போது விசா தானாகவே ரத்தாகிவிடும். எந்த அதிகாரியும் கோப்பைத் திறந்து படிக்க வேண்டியதில்லை, எவரும் கையெழுத்திட வேண்டியதில்லை. கல்லூரி அலுவலகத்தில் அச்சான ஒரு தாளும் நாட்காட்டியும் சேர்ந்து ஒருவரை நாட்டில் தங்க உரிமையற்றவராக்கிவிடும்.

அதிகாரி முன் வந்தவர்களுக்கும் வழி அகலமாக இல்லை. மீறல் உண்மை என்று தெரிந்தால், மாணவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட விதிவிலக்கான சூழ்நிலையால் அது நேர்ந்தது என்று நிறுவினால் தவிர, ரத்துச் செய்தே ஆக வேண்டும் என்று விதிகள் அதிகாரியின் கையைக் கட்டியிருந்தன. கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது எது என்பதிலேயே ஆண்டுக்கணக்காக வழக்குகள் நடந்தன. மனச்சோர்வு கட்டுப்பாட்டுக்குள் இருப்பதா, வெளியே இருப்பதா? ஊரில் அப்பாவின் வியாபாரம் நொடித்துப் போனது? ஒவ்வொன்றும் ஒவ்வொரு தீர்ப்பு.

2005இல் இந்த இயந்திரம் நீதிமன்றத்தில் இடறியது. மாணவர்களுக்கு அனுப்பப்பட்டு வந்த அறிவிப்பின் வாசகம் சட்டம் கேட்டபடி அமையவில்லை என்று கூட்டாட்சி நடுவர் நீதிமன்றம் கண்டது. அறிவிப்பு செல்லாது என்றால், அதைத் தொடர்ந்த தானியங்கி ரத்தும் செல்லாது. எல்லா நிறுவனங்களும் ஒரே படிவத்தைத்தான் பயன்படுத்தின என்பதால் விளைவு ஒரு மாணவரோடு நிற்கவில்லை. 2001 முதல் அதே மாதிரி அறிவிப்பால் விசா இழந்த ஆயிரக்கணக்கானவர்களின் ரத்துகள் ஒரே தீர்ப்பில் ஆட்டம் கண்டன. அவர்களில் பலர் அதற்குள் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். ஆள் பார்த்து முடிவெடுக்கும் வேலையைப் படிவத்திடம் ஒப்படைத்தால், படிவத்தில் உள்ள பிழை எத்தனை பேர் வாழ்க்கையில் பதிகிறது என்பதற்கு நவீன குடிவரவு நிர்வாகத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

படிவத்தைத் திருத்தி முறையைத் தொடர்ந்தார்கள். அதற்குப் பிறகு 2009 வந்தது. மெல்பர்னில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்ட செய்திகள், சமையலும் சிகையலங்காரமும் கற்பிப்பதாகச் சொல்லி நிரந்தர வசிப்புரிமைக்கு வழி காட்டிய தனியார் கல்லூரிகள் அடுத்தடுத்து மூடப்பட்டது, 2010இல் அந்தத் தொழில்கள் திறன் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது என்று வெளிநாட்டுக் கல்வித் துறையே தள்ளாடியது. மாணவர் வரத்து சரிந்ததும் அரசு இரண்டு மதிப்பாய்வுகளை நடத்தியது. ப்ரூஸ் பேர்ட் தலைமையிலானது கல்விச் சேவைச் சட்டத்தைப் பார்த்தது. சிட்னி ஒலிம்பிக்ஸின்போது நியூ சவுத் வேல்ஸில் அதற்கான அமைச்சராக இருந்த மைக்கேல் நைட் 2011இல் அளித்த அறிக்கை மாணவர் விசாவை முழுவதுமாக ஆராய்ந்து 41 பரிந்துரைகளை முன்வைத்தது. படித்து முடித்த பிறகு வேலை செய்யும் விசாவுக்காகத்தான் நைட் அறிக்கை இன்று நினைவுகூரப்படுகிறது. தானியங்கி ரத்தையும் கட்டாய ரத்தையும் கைவிட வேண்டும் என்று அவர் சொன்னது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2013 ஏப்ரலில் இரண்டும் நீங்கின.

இப்போது ரத்து நடப்பது குடிவரவுச் சட்டத்தின் 116ஆம் பிரிவின் கீழ். நிபந்தனை மீறப்பட்டது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் ரத்துச் செய்யலாம். செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. முதலில் ‘ரத்துச் செய்வது பற்றிப் பரிசீலிக்க இருக்கிறோம்’ என்ற அறிவிப்பு வரும். மீறல் நடந்ததா என்பதற்கும், நடந்திருந்தாலும் ஏன் ரத்துச் செய்யக் கூடாது என்பதற்கும் மாணவர் பதில் எழுதலாம். ஆஸ்திரேலியாவுக்குள் இருப்பவருக்குப் பொதுவாக ஐந்து வேலை நாள் அவகாசம். அதற்குள் மருத்துவச் சான்று, வங்கிக் கணக்கு, புதிய கல்லூரியின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து, தன் இரண்டு ஆண்டு வாழ்க்கையை வேற்று மொழியில் எழுதித் தர வேண்டும்.

துறையின் உள் வழிகாட்டுதல் அதிகாரிகளைச் சில கேள்விகளை எடைபோடச் சொல்கிறது. எதற்காக வந்தார், இன்னும் தங்க வேண்டிய காரணம் இருக்கிறதா? மீறல் எவ்வளவு காலம் நீடித்தது, எப்படி நேர்ந்தது? ரத்தானால் அவருக்கும் குடும்பத்துக்கும் என்ன துன்பம்? துறையிடம் இதுவரை நேர்மையாக நடந்துகொண்டாரா? குழந்தைகள் இருந்தால் அவர்கள் நலன் என்ன? முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் இது மனிதத் தன்மை கூடிய முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தக் கேள்விகள் எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகின்றன என்று பாருங்கள். சேர்க்கை முறிந்து ஆறு மாதமோ ஓராண்டோ ஆன பிறகு கேட்கப்படுகின்றன.

கோவையிலிருந்து மெல்பர்னுக்கு ஐடி முதுகலை படிக்கப் போன ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் செமஸ்டரில் நான்கில் இரண்டு பாடம் தேறவில்லை. ஊரில் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் மருத்துவமனைக்குப் போகிறது. அடுத்த தவணை கட்ட முடியவில்லை. பல்கலைக்கழகம் நினைவூட்டல்களை அனுப்புகிறது. அவர் திறக்கவில்லை, திறந்தால் பதில் எழுத வேண்டும். சேர்க்கை ரத்தாகிறது. இரவு நேரக் கிடங்கு வேலை தொடர்கிறது. வீட்டில் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து துறையின் அறிவிப்பு வருகிறது. அன்றே ஓடிப்போய் ஒரு தொழிற்கல்விக் கல்லூரியில் ஏதோ ஒரு டிப்ளமோவில் சேர்ந்து புதிய சான்றை இணைத்து அனுப்புகிறார். அது மீறலை அழிக்காது. நடந்த மீறல் நடந்ததுதான். தவிர, டிப்ளமோ முதுகலையைவிடக் கீழ்நிலை என்பதால் இப்போது இரண்டாவது மீறலும் சேர்ந்துகொள்கிறது.

விசா ரத்தை எதிர்த்த மேல்முறையீடுகளில் வெளியிடப்பட்ட தீர்ப்பாய முடிவுகளைப் படிப்பவருக்கு இந்த வகைக் கதை பழகிப்போன ஒன்று. குடும்பத்தில் மரணம், நோய், மனச்சோர்வு, திருமண முறிவு, கடினமான படிப்பைத் தலையில் கட்டிய ஏஜென்ட் என்று காரணங்கள் மாறும். தீர்ப்பாயம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை: அப்போதே ஏன் சொல்லவில்லை? ஏன் படிப்பை ஒத்திவைக்கக் கேட்கவில்லை? ஏன் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கவில்லை? அறிவிப்பு வந்த பிறகு வாங்கிய மருத்துவச் சான்றுக்கு அந்த அறையில் மதிப்புக் குறைவு.

கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கான 2018ஆம் ஆண்டின் தேசிய விதித்தொகுப்பு, இரங்கத்தக்க அல்லது தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் படிப்பைத் தள்ளிவைக்கவோ இடைநிறுத்தவோ அனுமதிக்கிறது. நிறுவனம் ஒப்புக்கொண்டு ப்ரிஸம்ஸில் பதிந்துவிட்டால் படிப்பு நிற்கும், சேர்க்கை நிற்காது. மேலே சொன்ன மாணவர் அப்பாவின் மருத்துவமனைக் காகிதங்களோடு இரண்டாவது செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தால் கதையே வேறு. அவர் ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு விடை சட்டப் புத்தகத்தில் கிடைக்காது. நிலத்தை அடகு வைத்து அனுப்பிய வீட்டுக்குத் தோல்வியைச் சொல்ல முடியாத பிள்ளை, கல்லூரி அலுவலகத்திலும் அதைச் சொல்ல மாட்டான். பிரச்சினை வந்தால் போய்ச் சொல்வது உரிமை என்று பழகிய சமூகத்துக்காக எழுதப்பட்ட விதி அது. அலுவலகத்தின் கண்ணில் படாமல் இருப்பதே பாதுகாப்பு என்று பழகியவர்கள் அதற்குள் வந்து விழுகிறார்கள்.

இனி மறுபக்கம். 8202 போன்ற நிபந்தனை இல்லாமல் மாணவர் விசா என்ற ஒன்று இருக்க முடியாது. இருந்தால் அது மலிவான வேலை விசாவாகிவிடும். இந்தக் கவலை கற்பனையல்ல என்பதற்குக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டு வரலாறே சாட்சி. 2012இல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு விசா பரிசீலனையை எளிதாக்கினார்கள். பணத்துக்கான சான்றுகள் குறைந்தன. உடனே ஒரு வழக்கம் கிளம்பியது. பல்கலைக்கழகப் பெயரில் எளிய வழியில் விசா வாங்குவது, வந்து இறங்கியதும் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் மட்டுமே கேட்கும் கல்லூரிக்குத் தாவுவது. தாவியவர்களில் உண்மையாகவே படிப்பு ஒத்துவராதவர்களும் இருந்தார்கள், தொடக்கத்திலிருந்தே அதுதான் திட்டம் என்று வந்தவர்களும் இருந்தார்கள். இந்தத் திட்டத்தைப் போட்டுக் கொடுத்து இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிய ஏஜென்ட்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

அந்தக் காலத்து விசா ஒன்றின் கீழ் வந்த மூன்று நேபாள மாணவர்களின் வழக்கு 2018 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போனது. அந்நாட்டில் எல்லாவற்றுக்கும் மேலான நீதிமன்றத்தின் பெயர் அதுதான். உயர்கல்விப் படிப்பில் சேர்ந்திருப்பதால் விசா பெற்றவர்கள் அந்தப் படிப்பை விட்டதும், விசா வழங்கக் காரணமாக இருந்த சூழ்நிலை இப்போது இல்லை என்று 116இன் வேறோர் உட்பிரிவைப் பயன்படுத்தி ரத்துச் செய்திருந்தார்கள். அந்தச் சூழ்நிலை எது என்பதைத் தீர்ப்பாயம் புரிந்துகொண்ட விதம் கேள்விக்குள்ளானது. ஆனாலும் அந்தப் பிழை முடிவை மாற்றியிருக்காது என்ற அடிப்படையில் மாணவர்கள் தோற்றார்கள். இன்றைக்கு இந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் படிப்பது நிர்வாகச் சட்டத்துக்காக. குடிவரவுப் பார்வையில் அதன் செய்தி எளியது: எந்தப் படிப்பைச் சொல்லி உள்ளே வந்தீர்களோ அதுதான் விசாவின் அடித்தளம்.

2016 ஜூலையில் பல வகையாக இருந்த மாணவர் விசாக்கள் 500 என்ற ஒரே வகைக்குள் வந்தன. தகுதிநிலை குறையக் கூடாது என்பது 8202க்குள்ளேயே எழுதப்பட்டது. பிறகும் ஓர் ஓட்டை இருந்தது. முதன்மைப் படிப்பில் ஆறு மாதம் முடிக்கும் முன் வேறு நிறுவனத்துக்கு மாறத் தடை உண்டு. ஆனால் முதல் நிறுவனத்தின் சான்றைக் கைவிடாமலே இரண்டாவது நிறுவனத்திடம் கூடுதலாக ஒரு சான்று வாங்க முடிந்தது. 2023 ஆகஸ்டில் அந்த வசதி மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் வேலை நேரம் இரண்டு வாரத்துக்கு 48 மணி என்று மீண்டும் கட்டுக்குள் வந்தது. கோவிட் காலத்தில் அந்த வரம்பு தளர்த்தப்பட்டிருந்தது. 2024இல் வங்கியில் காட்ட வேண்டிய தொகை 29,710 டாலராகவும், விண்ணப்பக் கட்டணம் 710இலிருந்து 1,600 டாலராகவும் உயர்ந்தன. அடுத்த ஆண்டில் கட்டணம் 2,000 ஆனது.

ஆறு மாதத் தடையில் ஒரு நுணுக்கம் பலரை வீழ்த்துகிறது. ஆங்கிலப் பயிற்சி, டிப்ளமோ, இளங்கலை என்று தொகுப்பாக விசா வாங்கியவருக்கு முதன்மைப் படிப்பு என்பது கடைசியில் வரும் இளங்கலை. ஆறு மாதம் எண்ணத் தொடங்குவது அது தொடங்கிய நாளிலிருந்து. ஓராண்டாக ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன், ஆறு மாதம் எப்போதோ முடிந்தது என்று நினைத்து நடப்பவர் தடைக்குள்ளேயே இருக்கிறார். நிறுவனத்திடம் விடுவிப்புக் கேட்டு அது மறுத்தால் முறையிட வழி உண்டு. அந்த வழியில் போகாமல் கோபத்தில் வகுப்புக்குப் போவதை நிறுத்துகிறவர் நேராக 8202க்குள் போய் மாட்டிக்கொள்கிறார்.

கண்காணிப்பு வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எனக்கு உறுத்துகிற ஓர் ஏற்றத்தாழ்வு தேசிய விதித்தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது. மதிப்பெண் போதவில்லை என்பதற்காக மாணவரை அரசிடம் தெரிவிக்க நிறுவனம் நினைத்தால், முதலில் அவருக்கு எழுதித் தெரிவித்து 20 வேலை நாள் அவகாசம் தர வேண்டும். அவர் நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்தால் அது முடிய வேண்டும். அதிலும் தோற்று வெளியே குறைதீர்ப்பாளரிடம் போனால் அதுவும் முடியும்வரை நிறுவனம் காத்திருக்க வேண்டும். நடத்தைக் குறைவுக்காகவோ கட்டணம் கட்டாததற்காகவோ சேர்க்கையை முறித்தால்? உள் மேல்முறையீடு முடிந்தாலே போதும். குறைதீர்ப்பாளர் என்ன சொல்கிறார் என்று காத்திருக்காமல் சான்றை ரத்துச் செய்துவிடலாம். படிப்பில் தோற்றவருக்கு வெளியார் ஒருவரின் பார்வை கிடைக்கும்வரை நிழல் உண்டு. பணத்தில் தோற்றவருக்கு அது இல்லை. நிறுவனத்தின் சொந்த நலன் எதில் கூடுதலாகக் கலந்திருக்கிறதோ அதில்தான் வெளியார் பார்வை முதலில் வேண்டும். விதி நேர்மாறாக இருக்கிறது.

இதே நாடு நிறுவனம் வீழும்போது மாணவருக்கு எவ்வளவு செய்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2009, 2010இல் கல்லூரிகள் மூடிய அனுபவத்துக்குப் பிறகு 2012இல் கல்விக் கட்டணப் பாதுகாப்புச் சேவை என்ற அமைப்பு வந்தது. கல்லூரி மூடிப்போனால் வேறிடத்தில் சேர உதவும், இல்லையென்றால் பயன்படாத கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதே 2012 ஆகஸ்டில் பிரிட்டன் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்திடமிருந்து வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியைப் பறித்தபோது ஈராயிரத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் திடீரென்று வேறிடம் தேட வேண்டிய நெருக்கடியில் நின்றார்கள். அதனோடு ஒப்பிட்டால் ஆஸ்திரேலிய ஏற்பாடு நன்று. நிறுவனம் தவறினால் தாங்கிக்கொள்ளும் வலை உண்டு. மாணவர் தவறும் வேளையில் நிறுவனம் தரும் கடிதத்தில், விசாவில் ஏற்படக்கூடிய விளைவு பற்றிக் குடிவரவுத் துறையைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை மட்டும் இருக்கும்.

ரத்துக்குப் பின் நடப்பவை வேகமானவை. கணவனோ மனைவியோ குழந்தைகளோ அந்த விசாவைச் சார்ந்து வந்திருந்தால் அவர்கள் விசாவும் சேர்ந்து போகும். வேறு விசா இல்லாதவர் சட்டப்படி தடுத்துவைக்கப்பட வேண்டியவர். நடைமுறையில் ‘பிரிட்ஜிங் ஈ’ என்ற இடைக்கால விசா வாங்கி வெளியே இருக்கலாம். அதில் வேலை உரிமை தானாக வருவதில்லை. நாட்டுக்குள் இருந்தபடி புதிய விசா கேட்பது 48ஆம் பிரிவால் பெரிதும் அடைபட்டுவிடும். வெளியே போய்க் கேட்டால் சில விசாக்களுக்கு மூன்றாண்டுத் தடை குறுக்கே நிற்கக்கூடும். அந்த விண்ணப்பங்களில் மட்டுமல்ல, பிற நாடுகளின் விண்ணப்பப் படிவங்களிலும் ‘உங்கள் விசா எப்போதாவது ரத்தானதா’ என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டியிருக்கும்.

மேல்முறையீட்டுக்கு இடம் 2024 அக்டோபர் 14 முதல் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம். கட்டணம் 3,000 டாலருக்கு மேல். கஷ்டத்தை நிரூபித்தால் பாதி. பழைய தீர்ப்பாயத்தில் இந்த வகை ரத்தை எதிர்த்து விண்ணப்பிக்க ஏழு வேலை நாள்தான் இருந்தது. தடுப்புக் காவலில் இல்லாதவர்களுக்கு இப்போது அது 28 நாள். தீர்ப்பாயம் அதிகாரியின் இடத்தில் நின்று எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்கும். அதிலும் தோற்றால் 35 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். நீதிமன்றமோ சட்டப் பிழை இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். அப்பாவின் அறுவை சிகிச்சைக் கதை அங்கே எடுபடாது.

தீர்ப்பாயத்துக்குப் போகும் அந்தக் கெடுவைத் தீர்ப்பாயத்தாலேயே நீட்ட முடியாது. அது எண்ணப்படுவது அறிவிப்பு கிடைத்ததாகக் கருதப்படும் நாளிலிருந்து. மின்னஞ்சலில் அனுப்பினால், அனுப்பிய நாள் முடியும்போதே கிடைத்ததாகச் சட்டம் கருதுகிறது. திறந்தாரா, படித்தாரா என்ற கேள்வி இல்லை. எந்த முகவரிக்கு என்றால், மாணவர் துறையிடம் கடைசியாகக் கொடுத்து வைத்திருக்கும் முகவரிக்கு. விசா விண்ணப்பத்தைச் சென்னையிலோ திருச்சியிலோ உள்ள ஏஜென்ட் அலுவலகத்தில் நிரப்பியிருந்தால், அந்தக் கட்டத்தில் ஏஜென்டின் மின்னஞ்சல் இருப்பது அபூர்வமல்ல. விண்ணப்பத்துக்கான இணையக் கணக்கைத் தொடங்கியவர் அவர், கடவுச்சொல்லை வைத்திருப்பவரும் அவரே. கமிஷன் வாங்கி இரண்டு ஆண்டு ஆன ஒரு மாணவரின் பெயரில் வந்த கடிதத்தை அங்கே யார் எப்போது பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. அது ரத்துப் பரிசீலனை அறிவிப்பாக இருந்தால், பதில் எழுதுவதற்கான ஐந்து வேலை நாள் அதற்குள் ஓடிவிடும். மாணவரிடமிருந்து பதில் வராத கோப்பில் அதிகாரி தன்னிடம் இருப்பதை வைத்து முடிவெடுப்பார்; அவரிடம் இருப்பது கல்வி நிறுவனம் ப்ரிஸம்ஸில் பதிந்த வரி மட்டும்தான். குடிவரவுத் துறையிடம் தன் சொந்த மின்னஞ்சல் முகவரியைப் பதிந்துகொள்ளக் கட்டணம் ஏதும் இல்லை. விசா வந்த வாரத்திலேயே அதைச் செய்துவிடலாம்.